புழுவின் மேல் போட்ட பழி

"மரத்தில் புழு விழுந்துவிட்டது." "பூச்சி அடித்துவிட்டது." நாள்தோறும் கேட்கும் தொடர்கள். இவற்றின் இலக்கணத்தைச் சற்று உற்று நோக்குங்கள். இரண்டிலும் எழுவாய் பூச்சி அல்லது புழு, வினை, செய்வினை. அதே மரத்தைப் பற்றிய செய்தியின் அடுத்த வரிக்கு வாருங்கள்: "கிளைகள் கழிக்கப்பட்டன", "பாதிக்கப்பட்ட மரங்கள் அகற்றப்பட்டன". வினை சட்டெனச் செயப்பாட்டு வினையாகிவிடுகிறது. கழித்தவர் யார், அகற்றியவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. புழுவை வினைமுதலாக நிறுத்தும் நம் மொழிவழக்கு, அரிவாள் பிடித்த கைக்கு மட்டும் ஒளிந்துகொள்ள இடம் தருகிறது.

மொழியியல் படித்தவன் பூச்சியைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பூச்சியைப் பற்றிய நம் தீர்ப்புகளில் பெரும்பகுதி பூச்சியிலிருந்து பிறந்தவை அல்ல, சொல்லிலிருந்து பிறந்தவை. ஆகவே எழுதலாம் என்பது மட்டுமன்று, எழுத வேண்டும்.

எடுத்துக்கொள்ளும் உயிர், மரத்தைக் குடைந்து வாழும் பேரந்துப்பூச்சிக் குடும்பம். அறிவியல் இதனைக் காசிடே என்கிறது. இக்குடும்பத்தில் இந்தியத் துணைக்கண்டத்து வனவியல் ஏடுகளில் அதிகம் பேசப்பட்டது, பர்மாவின் தேக்குக் காடுகளில் வாழும் சைலியூட்டஸ் செராமிக்கா. பர்மா 1937 வரை பிரித்தானிய இந்தியாவின் ஒரு பகுதி என்பதால், இதன் வரலாறு நம் வனத்துறையின் வரலாறும் ஆகும்.

முதலில் அதன் வாழ்வைப் பார்ப்போம். கோடை தொடங்கும் பருவத்தில் தாய்ப்பூச்சி மரப்பட்டையின் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் குஞ்சுப்புழுக்கள் நூலிழைகளை விட்டுக் காற்றில் மிதந்து பரவுகின்றன. மிகப் பெரும்பாலானவை எறும்புக்கும் பிற வேட்டையாடிகளுக்கும் இரையாகின்றன. அல்லது உரிய மரத்தை அடையாமலே மடிகின்றன. ஒரு தேக்கின் பட்டையை அடையும் சில, பட்டையைத் துளைத்து உள்ளே செல்கின்றன. வளர வளர வளை மரத்தின் உட்பகுதியை நோக்கி நீள்கிறது. இறுதியில் அது ஏறத்தாழ ஒரு சாண் நீளமும் பெருவிரல் நுழையும் அகலமும் உடையதாகிறது. பெரும்பாலானவை ஓராண்டிலும் சில ஈராண்டிலும் வளர்ச்சியை முடிக்கின்றன. பின்னர் வளைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, பருவம் வந்ததும் துளையின் வாய்வரை நெளிந்து வந்து, வெற்றுக்கூட்டைத் துளையில் செருகியபடியே விட்டுவிட்டு, உள்ளங்கையை நிறைக்கும் பழுப்புச் சிறகுகளோடு இரவில் வெளியேறுகிறது.

இவ்வளவும் பாடநூலில் கிடைக்கும். பாடநூலைத் தாண்டிப் பொது நினைவில் பதியாத ஒரு செய்தி உண்டு. இந்தப் புழுவின் முதன்மை உணவு அது குடையும் வைரக்கட்டை அன்று. துளையின் வாய்ப்புறத்தில், பட்டைக்கு அடியில், காயத்தை ஆற்றுவதற்காக மரம் மீண்டும் மீண்டும் எழுப்பும் இளந்திசுவையே அது உண்கிறது. உள்ளே உள்ள நீண்ட வளை அதன் வீடு. தின்பது வாயிலில், உறங்குவது உள்ளே. மரமும் இதனால் பொதுவாகச் சாவதில்லை. புழு வெளியேறிய பின் துளையின் வாயை மூடி, அதன்மேல் ஆண்டுக்கு ஒரு வளையமாகத் தன் வளர்ச்சியைத் தொடர்கிறது.

அப்படியானால் இந்தப் பூச்சி யாருக்குத் தீங்கு செய்தது? மரம் அறுக்கப்படும் நாளில்தான் விடை வெளிப்படுகிறது. பலகையில் துளை தெரிகிறது, விலை குறைகிறது. சேதமுற்றது விலைப்பட்டியல். மரத்தின் உயிருக்கும் மரத்தின் விலைக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைத்தான் "தீங்குப் பூச்சி" என்னும் ஒற்றைத் தொடர் விழுங்கிவிடுகிறது.

அந்த விலைப்பட்டியல் யாருடையது என்பதும் வரலாற்றில் தெளிவாகவே பதிந்திருக்கிறது. 1863இல் தோன்றிய பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் மேல்பர்மாவின் தேக்கை வெட்டி வந்தது. வெட்டிய மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று திபோ மன்னரின் அரசவை அதற்குத் தண்டம் விதித்தது. 1885ஆம் ஆண்டுப் போருக்கு அதுவே சாக்கானது. 1886 ஜனவரி முதல் நாள் மேல்பர்மா இணைக்கப்பட்டது. ஒரு நாட்டையே தேக்குக்காக விழுங்கியவர்களின் ஏடுகளில், தேக்கில் பெருவிரல் அளவு வளை தோண்டிய உயிர் "நாசகாரி" என்று பதிவாயிற்று. 1906இல் டேராடூனில் அமைந்த வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்பூச்சிகளை ஆராய்ந்த சி. எஃப். சி. பீசன், 1941இல் இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் உள்ள வனப்பூச்சிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவ்வறிவின் பயனை நான் மறுக்கவில்லை. இக்கட்டுரையே அத்தகைய உழைப்பின்மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்நூலின் தலைப்பில் சூழலியலோடு "கட்டுப்பாடு" என்னும் சொல்லும் சேர்ந்தே நிற்பதைக் கவனியுங்கள். அறிய வந்ததே ஒடுக்குவதற்காக என்னும் நிலையில்தான் நம் பூச்சியியல் பிறந்தது. ஆட்சி போயிற்று, அந்தச் சொல்லடைவு போகவில்லை.

இனிச் சொற்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் தீங்குப் பூச்சியைக் குறிக்கும் "பெஸ்ட்" என்னும் சொல், கொள்ளைநோயைக் குறிக்கும் இலத்தீன் "பெஸ்டிஸ்" என்பதிலிருந்து வந்தது. "லார்வா" என்பதற்கு இலத்தீனில் பேய், முகமூடி என்று பொருள். "பியூபா" என்றால் பொம்மை. "இமேகோ" என்றால் உருவம், மெய்யான தோற்றம். லின்னேயசின் காலத்தில் நிலைபெற்ற இச்சொற்களின் உள்ளே ஒரு தத்துவமே ஒளிந்திருக்கிறது: புழு என்பது முகமூடி, சிறகு முளைத்த பூச்சியே உண்மை. நம் வேளாண் தமிழும் இதே கருத்தைத்தான் சுமக்கிறது. "முழு வளர்ச்சியடைந்த அந்துப்பூச்சி" என்று எழுதுகிறோம். ஈழத்துப் பாடநூல்கள் வழங்கும் "குடம்பி" என்னும் சொல்லில் முகமூடிக் கருத்து இல்லை என்பது ஓர் ஆறுதல்.

மரங்குடையும் அந்துப்பூச்சியிடம் இந்தத் தத்துவம் செல்லாது. "முழு வளர்ச்சியடைந்த" அப்பூச்சிக்கு இயங்கும் வாய் இல்லை. அது உண்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டு சில நாள் பறந்து, கூடி, முட்டையிட்டு இறக்கிறது. ஐரோப்பாவில் இதன் உறவினமான காசஸ் காசஸ், ஆட்டுக்கிடாயின் நாற்றம் வீசுவதால் "ஆட்டு அந்து" என்று பெயர் பெற்றது. அது வில்லோ, ஓக் முதலிய மரங்களுக்குள் மூன்று நான்கு ஆண்டுகள் புழுவாக வாழ்கிறது. ஒரு விரலைவிட நீளமாக வளர்கிறது. கட்டையில் ஊட்டம் குறைவு. ஆகவே காலம் மிகுதி. ஆண்டுக்கணக்கான வாழ்வை முகமூடி என்றும் சில நாள் வாழ்வை மெய்யுரு என்றும் அழைப்பது எவ்வகை அளவையியல்?

அந்தப் புழு "முழுமையடையாதது" என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. ஹாலந்தில் வாழ்ந்த பியேர் லியோனே என்னும் வழக்கறிஞர், இதே ஆட்டு அந்தின் புழு ஒன்றன் உடற்கூற்றை மட்டும் ஆராய்ந்து 1760இல் ஒரு தனி நூல் வெளியிட்டார். படங்களையும் தாமே செதுக்கினார். அவர் எண்ணிக் கண்ட தசைகள் நாலாயிரத்துக்கும் மேல். மனித உடலின் தசைகள் சில நூறுதான். இன்று தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒவ்வொருவரும் "இன்று நீ புழு, நாளை வண்ணத்துப்பூச்சி" என்று முழங்குகிறார். எதிர்காலம் வரும்வரை இன்றைய வாழ்வு வாழ்வே அன்று என்பதுதான் அம்முழக்கத்தின் உட்பொருள். ஆய்வு மாணவர்களிடமும் ஒப்பந்தத் தொழிலாளரிடமும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். இந்தப் புழுவைக் கண்டால் அந்த உவமை வாயடைத்துப் போகும்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். கேரளத் தேக்குத் தோட்டங்களில் அடிமரத்தைக் குடையும் மற்றொரு காசிடே பூச்சி உண்டு: அல்க்டெரோகிஸ்டியா கதம்பே. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இதனை ஆராய்ந்துள்ளது. குடியிருப்புகளை அடுத்த தோட்டங்களில், கிளை வெட்டியும் பட்டை கீறியும் காயப்பட்ட மரங்களிலேயே இதன் தொல்லை மிகுந்திருக்கிறது என்பது அந்த ஆய்வு காட்டிய உண்மை. காயம் முதலில் வந்தது. பூச்சி பின்னால் வந்தது. காயத்தை உண்டாக்கியது அரிவாள். ஆனால் நம் வாக்கியம் என்ன சொல்கிறது? "தேக்கில் புழு விழுந்துவிட்டது." எங்கிருந்தோ வானத்திலிருந்து விழுந்தாற்போல!

நம் நகரத்துச் சாலையோர மரங்களைப் பாருங்கள். மின்கம்பிக்காக ஒரு பக்கம் முழுதும் மொட்டையடிக்கப்பட்டு, விளம்பரத் தகடுகளுக்கு ஆணி அறையப்பட்டு, வேரைச் சுற்றி மூச்சு முட்டச் சிமெண்டு பூசப்பட்டு நிற்கின்றன. சில ஆண்டுகளில் அம்மரம் நலிகிறது. நலிந்த மரத்தில் பூச்சி குடியேறுகிறது. பூச்சி குடியேறிய மரம் "ஆபத்தானது" என்று வெட்டப்படுகிறது. ஆணி அறைந்தவர் மீதோ சிமெண்டு ஊற்றியவர் மீதோ வழக்கு இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பது, பேச வாயில்லாத ஓர் உயிர். அது சிறகு பெற்ற பின் உண்ணக்கூட வாயில்லாதது.

தோட்டம் என்றேன். அச்சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நிலம்பூரில் 1840களில் கோனொலியின் முயற்சியில் எழுந்ததே உலகின் தொடக்ககாலத் தேக்குத் தோட்டங்களுள் புகழ்பெற்றது. ஒரே இனம், ஒரே வயது, ஒரே இடைவெளி. அதன் பிறகு நாடு முழுதும் அந்த முறை பரவியது. இன்று இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு எக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் அது "வனப்பரப்பு". உரிமை யாருடையது, மரம் எந்த இனம் என்பன பொருட்டல்ல. தேக்குத் தோட்டமும் காடு, மாந்தோப்பும் காடு. ஒரே உணவை எல்லை காணாமல் விரித்து வைத்துவிட்டு, அதை உண்ண வந்த உயிரை "படையெடுப்பு" என்று அழைக்கிறோம். பந்தி விரித்தவர் நாம். வந்தவரைத் திருடர் என்கிறோம்.

வண்டினத்திலும் இதே கதைதான். 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்துச் சால் காடுகளில் வைரம் துளைக்கும் வண்டு பெருகியபோது, கட்டுப்பாடு என்னும் பெயரில் லட்சக்கணக்கில் மரங்கள் வெட்டப்பட்டன. எவ்வளவு வெட்டலாம் என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வண்டு தின்றது எவ்வளவு, கோடரி தின்றது எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை.

வேறு வகையாகவும் நோக்கலாம் என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. அதே ஆட்டு அந்து, ஐரோப்பாவின் பழத்தோட்டங்களில் தீங்குப் பூச்சி. பிரிட்டனில் அருகிவிட்டதால் பாதுகாப்புக்குரிய முன்னுரிமை உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பூச்சி மாறவில்லை, பட்டியல் மாறியது. அது குடைந்த மரத்தில் கசியும் சாற்றை நாடி வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளும் கூடுகின்றன. நம் காடுகளிலும் புழுவைத் தேடி மரங்கொத்தி வருகிறது. மரங்கொத்தி கைவிட்ட பொந்தில் கிளியும் மைனாவும் குடியேறுகின்றன. "பட்ட மரம், உளுத்த மரம், எதற்கும் உதவாதது" என்று நாம் அப்புறப்படுத்தும்போது ஒரு குடியிருப்பையே இடிக்கிறோம்.

பெயரிடுதலில் நம் வறுமையைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவில் அந்துப்பூச்சி இனங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன, வண்ணத்துப்பூச்சிகளைவிடப் பன்மடங்கு. ஆனால் தமிழில் அவை அனைத்துக்கும் ஒரே பெயர்: "அந்து". அதுவோ தானியத்தை அரிக்கும் சிறுபூச்சியின் பெயர். வீட்டு நெல்லைக் கெடுத்த ஒன்றின் பெயரை முழு இனத்துக்கும் சூட்டினோம். மறுபுறம் "விட்டில்", விளக்கில் விழுந்து சாவதற்கே பிறந்ததுபோல் ஓர் உவமை. கெடுப்பது அல்லது சாவது: இவ்விரண்டைத் தவிர அந்துக்கு நம் மொழி வேறு வேலை தரவில்லை. கதம்பே என்னும் இலத்தீன் பெயரில் நம் கடம்பின் பெயர் ஒலிக்கிறது. நம் மொழியில் அந்தப் பூச்சிக்குப் பெயரில்லை.

நம் அகராதிகளைப் புரட்டுங்கள். "ஒரு வகைப் பூச்சி", "ஒரு வகைப் புழு", "ஒரு வகை வண்டு". பழங்குடி மொழிகளைப் பதிவு செய்யச் செல்லும் என் துறையினரின் சொற்பட்டியல்களிலும் இதே குறிப்புகள்தான். பத்து வேறு உயிர்களைப் பிரித்தறிந்த ஒரு சமூகத்தின் அறிவு, "ஒரு வகை" என்னும் இரு சொற்களில் புதைந்துபோகிறது. நடு ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. வேலினத்தைச் சேர்ந்த ஒரு புதரின் வேரில் வாழும் பெரிய காசிடே புழு அங்கே மதிப்புமிக்க உணவு. அரெர்ண்டே மொழியில் அப்புழுவின் பெயர் அந்தப் புதரின் பெயரிலிருந்தே கட்டப்படுகிறது. பெயரைச் சொன்னாலே அது எங்கே வாழ்கிறது என்பது விளங்கிவிடும். ஆங்கிலத்தில் வழங்கும் "விச்செட்டி" என்னும் பெயரும் அட்ண்யமதன்ஹா மொழியிலிருந்து பெற்ற கடன். பயன்படுத்தும் மக்கள் பிரித்தறிந்து பெயரிட்டார்கள். அவர்களிடமிருந்து உலகம் கடன் வாங்கியது.

நமக்கு மரபே இல்லையா? இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. அவ்வகைப்பாட்டின் அளவுகோல், அந்த உயிர் எதையெல்லாம் உணர்கிறது என்பது. மனிதருக்கு அதனால் என்ன நட்டம் என்பது அங்கே கேள்வியே இல்லை. மரத்துக்குள் இருளில் தொட்டும் சுவைத்தும் வாழ்ந்து, பின் கண்ணும் மோப்பமும் கொண்டு இரவில் பறக்கும் இந்த உயிர், ஒரே வாழ்நாளில் வகுப்பு மாறுவது என்று அந்த மரபில் நின்று விவாதித்திருக்க முடியும். அப்படிப்பட்ட விவாதத்துக்கு இடமிருந்த மொழியில், இன்று "நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி" என்று இரண்டு பெட்டிகள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "காப்பித் தோட்டத்தில் சிவப்புத் துளைப்பான் கிளையை முறித்தால் நட்டம் உனக்கா? சந்தனக் கன்றைக் குடைந்தால் கடனை நீ கட்டுவாயா?" நியாயமான கேள்வி. சூசெரா காஃபியே என்னும் அந்தப் பூச்சியும் இதே குடும்பம்தான். காப்பி, தேயிலை, சந்தனம் என்று பலவற்றைக் குடைகிறது. இளந்தண்டில் புகுந்தால் செடி முறியும். சிறு விவசாயி தன் செடியைக் காக்கப் பாதிக்கப்பட்ட கிளையை வெட்டி எரிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பயிர் செய்பவர் தம் வயலுக்குள் "இது எனக்குத் தீங்கு" என்று சொல்வது நேர்மையான வாக்கியம். அதில் "எனக்கு" என்னும் சொல் இருக்கிறது. வனத்துறையும் மாநகராட்சியும் செய்தித்தாளும் எழுதும்போது அந்த "எனக்கு" உதிர்ந்துவிடுகிறது. யாருக்குத் தீங்கு என்னும் கேள்வி மறைந்து, தீங்கு பூச்சியின் பிறவிக்குணமாகிவிடுகிறது. என் சண்டை அந்த உதிர்வோடுதான். கடனில் நிற்கும் விவசாயியோடு எனக்குச் சண்டை இல்லை.

எனவே இதைப் படிப்போரிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: "புழு தாக்கிய மரம்" என்று ஒரு மரத்தை வெட்ட வரும்போது, பூச்சியின் பெயரைக் கேளுங்கள். எந்த இனம், எத்தனை துளை, அது உயிருள்ள மரத்தைக் கொல்லும் இனமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்த மரத்தின் கிளையை முன்பு வெட்டியது யார், எந்த ஆண்டில், எந்த ஆணையின்படி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு: ஆளுக்கோ கட்டடத்துக்கோ இடரில்லாத இடங்களில், காடுகளிலும் கோயில் தோப்புகளிலும் கல்வி வளாகங்களின் ஓரங்களிலும், பட்ட மரத்தை நிற்க விடுங்கள். "தூய்மை" என்னும் சொல்லுக்குக் காட்டில் பொருளில்லை.

மூன்று, என் துறைத் தோழர்களுக்கு: களத்தில் ஒரு பூச்சியின் பெயரைக் கேட்டுக் குறிக்கும்போது "ஒரு வகை" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். எந்த மரத்தில் வாழ்கிறது, எப்போது வெளிவருகிறது, உண்பார்களா, அஞ்சுவார்களா என்று இன்னும் நான்கு கேள்விகள் கேளுங்கள். சொல்லித் தரும் முதியவர்கள் நமக்காக நெடுங்காலம் காத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை "மரத்தில் புழு விழுந்துவிட்டது" என்று எழுத நேர்ந்தால், அதற்கு முந்தைய வாக்கியத்தையும் எழுதிவிடுங்கள். அதில் எழுவாய் இருக்கட்டும்.